வெளிப்பக்கம் போட்ட தாழ்ப்பாள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. கலஹாவுக்கு மேலே, பஸ் போகாத ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தேன். அங்கிருந்து கண்டிக்கு இறங்கி வந்து நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பேராதனையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரைக்கும் பஸ்ஸில் போனால், எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தாலும் நான் செய்த கேட் ஒன்றாவது கண்ணில் படும். மூன்று கோயிலுக்கு மடக்குக் கேட், ஒரு பள்ளிவாசலுக்கு மாடிப்படிக் கைப்பிடி, இரண்டு பெரிய பள்ளிக்கூடங்களுக்கு முன்வாசல். ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குத் தண்ணீர்த் தொட்டி நிற்கிற இரும்புக் கால். லொறி போக வழியில்லை என்று மூன்று பேர் கைவிட்ட வேலை அது. நான் துண்டு துண்டாக வெட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு போய், மேலே வைத்து வெல்டிங்கில் ஒட்டினேன். இந்தச் சரிவில் வீடு கட்டாதே, மண் இறங்கும் என்று படித்த எஞ்சினியர் சொன்ன இடத்தில் மூன்று மாடி கட்டினேன். போன பெருமழையில் பக்கத்துக் கரை சரிந்தது. என் சுவரில் ஒரு கீறல் இல்லை. தொழில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்தவன் ஒட்டுவதைத் தூர நின்று பார்த்தேன், என் கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன்.

இந்தப் பட்டியலில் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இது வெல்டிங் வேலை இல்லை. எத்தனையோ நாட்டில் பார்க்கிற ஒரு பொம்மைப் படத்தில் ஒரு கேட் வந்தது. அந்தக் கேட்டைப் பார்த்துவிட்டு, கதை எங்கே போகப் போகிறது என்று ஒரு வாரம் முந்திச் சொன்னவன் நான். சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் சொன்னவன் நான்தான் என்று எங்கும் எழுதப்படவில்லை. அதனால்தான் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகன் கட்டாரில் ஏசி பூட்டுகிற வேலையில் இருக்கிறான். அவன் மனைவி எங்களோடு இருக்கிறாள். கம்பளைக்காரி, பட்டம் படித்தவள், கண்டியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். கிழமை நாட்களில் ஃபைல் பார்ப்பாள், ஞாயிற்றுக்கிழமையில் பொம்மைப் படம் பார்ப்பாள். பொம்மைப் படம் என்று நான் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "சின்னப் புள்ளைகளுக்கு எடுத்தது இல்ல மாமா இது" என்பாள். சரி, தொடர் என்றே சொல்கிறேன். ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பாகம், ஞாயிறு காலை பத்தரைக்கு வரும்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெண், தன் குரலை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு விசிலால் மட்டும் பேசுகிறவள். அவளோடு ஒரு கரடி, முதுகில் பெரிய மணியைச் சுமந்துகொண்டு நடக்கும். இரண்டு பேரும் மலைமேல் இருக்கிற ஒரு நகரத்தைத் தேடிப் போகிறார்கள். அவளுடைய அம்மா அந்த நகரத்துக்குள் இருக்கிறாள். அந்த நகரத்தின் கேட்டோ இவள் பிறந்த நாளிலிருந்து மூடியே கிடக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் ஐம்பது இடத்தில் நின்று, ஐம்பது பேரோடு சண்டை பிடித்து, சமாதானமாகி, இப்படியே போகும்.

மருமகள் பார்ப்பதோடு விடுவதில்லை. ஃபோனில் ஒரு பேஜ் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு பாகமும் வந்த அன்றே அதைப் பற்றித் தமிழில் எழுதுவாள். எந்த இடத்தில் சிரித்தாள், எந்த இடத்தில் அழுதாள், எங்கே கதை செய்தவர்கள் மேல் கோபம் வந்தது, இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறாள், எல்லாம் இருக்கும். அதை வாசிப்பதற்கென்றே மட்டக்களப்பிலும் சென்னையிலும் கனடாவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அவள் எழுதப் பிந்தினால் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டு எழுதுகிறார்களாம்.

நான் இதில் எப்படி வந்து மாட்டினேன் என்றால், இரண்டு வருசத்துக்கு முன்னால் எனக்குக் குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் நடந்தது. ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாது, பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஹோலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மருமகள் டிவியில் இதைப் போட்டாள். எழுந்து போக முடியாமல் பார்த்தேன், அவ்வளவுதான். அந்தப் பாகத்தில் ஒரு கொல்லன் வந்தான். கரடியின் மணிக்கு நாக்குப் பூட்டினான். அவன் சுத்தியலைப் பிடித்த இடத்தைப் பார்த்தேன். தெரியாதவன் வரைந்தால் கைப்பிடியின் நடுவில் பிடிக்க வைப்பான். இவன் கடைசியில் பிடித்திருந்தான், கட்டைவிரல் மேலே இருந்தது. இரும்பு சூடேறும்போது முதலில் மங்கல் சிவப்பு, பிறகு தோடம்பழ நிறம், பிறகு மஞ்சள் என்று ஒழுங்காக மாறியது. இந்தப் படம் வரைந்தவன் பட்டறையில் நின்றிருக்கிறான் என்று சத்தமாகவே சொன்னேன். மருமகள் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து ஞாயிறு பத்தரைக்கு என் கதிரை அங்கேதான். என் மனைவிக்கு இது ஆகாது. அவள் அந்த நேரம் கோயிலுக்குப் போய்விடுவாள்.

எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது. கீழே ஓடுகிற இங்கிலிஷும் வாசிக்கத் தெரியாது. மருமகள் அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். அவள் கண் முழுக்க அந்த எழுத்தில் இருக்கும். என் கண்ணுக்கு அந்த வேலை இல்லை, அது படத்தில் இருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாததால் எனக்குக் கிடைத்த வசதி அது, மற்றவர்களுக்குக் கிடைக்காதது.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. படம் ஓடும்போது அவள் கதை சொல்லலாம், நான் வாய் திறக்கக் கூடாது. முடிந்த பிறகு நான் பால் போடாத பிளேன்டி குடித்துக்கொண்டே என் அபிப்பிராயத்தைச் சொல்வேன். அவள் ஃபோனில் குறித்துக்கொள்வாள். பின்னேரம் எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டுவாள். இன்ன இடத்தைக் கூட்டு, இன்ன இடத்தைக் குறை என்பேன். அவள் கேட்பதும் உண்டு, கேட்காததும் உண்டு.

இனி அந்தப் பாகத்துக்கு வருகிறேன்.

அன்று மழை இல்லை. அவள் பேக்கரியில் வாங்கி வந்த மீன் வைத்த மாலு பணிஸ் தட்டில் அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டோம். நூறு பாகத்துக்கு மேலாகத் தேடிய நகரம் அன்றுதான் வந்தது. செங்குத்தான மலை, வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு, உச்சியில் கல் மதில், மதிலில் இரண்டு பலகைக் கேட். நல்ல கேட். ஒவ்வொரு பலகையும் ஒரு தென்னை உயரம். ஒரு வழிகாட்டிக் கிழவன் இவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான். கரடி முதுகைக் குலுக்கி மணியை அடிக்கிறது. கிழவன் கேட்டில் குறுக்கே கிடந்த பெரிய கட்டையைத் தூக்கிப் புல்லில் போடுகிறான். பலகை இரண்டும் மெதுவாகத் திறக்கின்றன. உள்ளே இருந்து வெளிச்சம் வருகிறது. ஆட்கள் இரண்டு வரிசையாகப் பூவோடு நிற்கிறார்கள். அந்தப் பெண் ஒரு விசில் அடித்தாள், அம்மா என்று கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. அதோடு பாகம் முடிந்தது.

மருமகள் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஃபோன் அதற்குள்ளேயே டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கிவிட்டது. எல்லாரும் அழுகிறார்களாம். இதைவிட அழகான முடிவு வராது என்று கனடாவில் இருக்கிற ஒரு பெண் எழுதியிருந்தாளாம்.

"எப்படி மாமா?" என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கேட் சரியில்லை என்றேன்.

உங்களுக்கு எப்போதும் கேட்தான் என்று சிரித்தாள். பின்னுக்கு ஓட்டச் சொன்னேன். கிழவன் கட்டையைத் தூக்குகிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். எழுந்து போய், கையில் இருந்த தேக்கரண்டியால் டிவியைத் தொட்டுக் காட்டினேன்.

"கட்டை உக்கார்ற கொக்கி எந்தப் பக்கம் இருக்கு?"

"வெளிய."

"கதவு சுத்துற கீல்?"

கிட்டே வந்து பார்த்தாள். "அதும் வெளியதான்."

"அப்ப உள்ள இருக்கிறவன் இந்தக் கேட்ட எப்படிப் பூட்டுவான்?"

நான்தான் சொன்னேன். சொன்ன சொல்லை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் விசயம்:

"இது ஊரக் காப்பாத்தப் போட்ட கேட்டு இல்ல. உள்ள இருக்கிறவங்கள அடைச்சு வைக்கப் போட்டது. பூட்டுனவன் வெளிய இருக்கான். அந்தக் கெழவனா இருந்தாலும் இருக்கும். அந்தப் புள்ள உள்ள போகக் கூடாது."

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கு இது புத்தகத்தில் வந்ததில்லை, ஒரு பிழையில் வந்தது. அதையும் சொல்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை.

தோட்டத்தில் நான் தனியாக ஒட்டிய முதல் வேலை மாட்டுப்பட்டிக் கேட். அது சரியாக வந்தது என்று தோட்டத்தை நடத்துகிற தொரை அடுத்தடுத்த டிவிசனுக்கும் என்னையே செய்யச் சொன்னார். இரண்டு வருசம் மாட்டுப்பட்டிக் கேட்தான் செய்தேன். மாட்டுக்குத் தாழ்ப்பாள் திறக்கத் தெரியாவிட்டாலும் மூக்கால் முட்டி முட்டித் தட்டிவிடும். அதனால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். என் கை அப்படியே பழகிவிட்டது. பிறகு கண்டிக்கு இறங்கி வந்தேன். முதல் வேலையாக ஒரு டொக்டர் பங்களாவுக்குக் கேட் கிடைத்தது. என் வித்தையெல்லாம் அதில் காட்டினேன். மேலே ஈட்டி முனை, நடுவில் தாமரை, கை நுழையாதபடி முழுக்கத் தகடு. பூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் போகிற போக்கில் விளையாட்டாகத் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். டொக்டர் வெள்ளைக் கால்சட்டையோடு மதிலேறிக் குதித்து ஆஸ்பத்திரிக்குப் போனாராம். அவருடைய மனைவி சிங்கள நோனா, கேட் முன்னால் நின்றுகொண்டு, நாங்கள் என்ன மாடா என்று சிங்களத்தில் கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. அன்றே வெட்டி எடுத்து உள்பக்கம் மாற்றினேன். அதற்குப் பிறகு எந்தக் கேட்டைப் பார்த்தாலும், கோயிலாக இருக்கட்டும் ஜெயிலாக இருக்கட்டும், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் பார்ப்பேன். ஒரு வாசலைச் செய்தவன் யாருக்காகச் செய்தான் என்பதை அது சொல்லிவிடும்.

மருமகளுக்கு இந்தக் கதை தெரியாது. அன்றுதான் சொன்னேன். கேட்டுச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்ப டிவியைப் பார்த்தாள்.

"வரைஞ்சவங்க கவனிக்காம விட்டிருக்கலாம்தானே மாமா?"

சுத்தியல் பிடியைச் சரியாக வரைந்தவன், இரும்பு எந்தச் சூட்டில் எந்த நிறம் என்று அறிந்தவன், தாழ்ப்பாளில் பிழை விடமாட்டான் என்றேன். தெரிந்தேதான் வைத்திருக்கிறான். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறான்.

அவள் ஒரு மணித்தியாலம் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். மதிலுக்குமேல் நிற்கிற காவல்காரர்கள் எல்லாரும் ஊருக்குள்ளே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், வெளியே ஒருவனும் பார்க்கவில்லை என்று அவளாகவே ஒன்றைக் கண்டுபிடித்தாள். அது அவளுடையது, அதை நான் எடுக்க மாட்டேன். பிறகு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். பின்னேரம் வாசித்துக் காட்டவில்லை. மகன் கட்டாரிலிருந்து கூப்பிட்டான், அவள் பேசப் போய்விட்டாள். நானும் கேட்கவில்லை. வழக்கம்போல மாமா சொன்னார் என்று எழுதியிருப்பாள் என்றே இருந்தேன்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. பேஜில் சண்டையாம். பாதிப் பேர் ஐயோ இது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று கலங்கியிருக்கிறார்களாம். பாதிப் பேர், படம் வரைந்தவர்களின் கவனக்குறைவுக்கெல்லாம் அர்த்தம் சொல்ல வந்துவிட்டாய் என்று ஏசுகிறார்களாம். யாரோ அவள் எழுதியதை இங்கிலிஷில் மாற்றிப் போட்டு, அது எங்கெங்கோ போய்விட்டதாம். ஞாயிற்றுக்கிழமை எழுதியது பிழையாகிப்போனால் பேஜை மூடிவிட வேண்டியதுதான் என்றாள். பிழைக்காது, சாப்பிடு என்றேன். எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. சொன்னவன் நான், சொன்னது இரும்பைப் பற்றி.

வியாழக்கிழமை பட்டறையில் கம்பி குறைந்தது. பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடம் போனேன். மடவளைக்காரர், என் வயதுதான், முப்பது வருசமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம். கம்பியை அளந்துகொண்டே சொன்னார்:

"ஒங்கட மருமகள் பெரிய மூளக்காரி. எங்கட மகள் ராவும் பகலும் அந்தக் கேட்டப் பத்தித்தான் பேசிட்டு ஈக்கிறா. அத மொதல்ல கண்டதே ஒங்கட மருமகள்தானாமே."

கண்டது நான் என்றேன்.

நானா கம்பியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க கேட்டு செய்வீங்க, தெரியும். கார்ட்டூனும் பாக்கிறீங்களா?"

பார்க்கிறேன், நான்தான் சொன்னேன் என்றேன்.

"அப்ப ஒங்களப் பத்தி ஒரு சொல்லும் இல்லையே அதுல" என்றார். மகளுக்கு ஃபோன் போட்டுக் கேட்டார், வாசிக்கவும் வைத்தார். அதில், எனக்குத் தோன்றியது, நான் கவனித்தேன், நான் நினைக்கிறேன் என்று முழுக்க நான், நான் என்றே இருந்தது. அந்த நான் மருமகள். நானா கெட்ட மனிதர் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு ஒரு பிளேன்டி வரவழைத்துக் கொடுத்தார். நான் குடித்துவிட்டுக் கம்பியோடு வந்தேன். அன்று வெட்டிய இரண்டு துண்டு அளவு பிழைத்தது. பல வருசத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை.

வீட்டில் கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள், எதையும் உடனே கேட்டுவிடுகிற ஆள் நான். ஆனால் அவள் மகனைக் கட்டிக்கொண்டு வந்த பிள்ளை, அவனும் ஊரில் இல்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கதை பிழைக்குமோ என்று கலங்குகிறவளிடம் என் பங்கு எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. ஞாயிறு போகட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. அந்தப் பெண் உள்ளே போகிறாள். மணியோடு உள்ளே வரக் கூடாது என்று கிழவன் தடுக்க, கரடி வெளியே நிற்கிறது. பூ வைத்திருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை என்பது கிட்டே போனதும் தெரிகிறது. தூரத்தில் ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறாள், அம்மா. வா என்று ஆட்டவில்லை, போ என்று ஆட்டுகிறாள். பின்னால் கேட் மூடுகிறது. கிழவன் புல்லில் கிடந்த கட்டையைத் தூக்கிக் கொக்கியில் வைக்கிறான். கட்டை விழுகிற சத்தத்தைத் தனியாகக் கேட்க வைத்தார்கள், வேறு ஒரு சத்தமும் இல்லை. மருமகள் எனக்குக் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். சொல்ல அங்கே ஒரு எழுத்தும் ஓடவில்லை.

முடிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்து நாலு வருசத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஃபோன் நிற்காமல் அடித்தது. எடுத்துப் பார்த்துச் சிரிக்கிறாள், அழுகிறாள், எனக்கு வாசிக்கிறாள். ஏசினவன் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். சென்னையில் ஒருவன், அக்கா உங்களுக்குக் கண் இல்லை, எக்ஸ்ரே மெஷின் என்று எழுதியிருக்கிறான்.

"நாங்க சொன்னது சரி மாமா" என்றாள்.

"நாங்கன்னா யாரு?" என்று கேட்டேன்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஃபோனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"போன வருசம் பாலம் கட்டுறவன் செத்த பாகம் ஞாபகம் இருக்கா மாமா? அவன் சாகல, சுத்தியலும் உளியும் வைக்கிற அவனோட ஆயுதப் பை அங்க இல்ல, வேலக்காரன் பையோடதான் போவான்னு சொன்னீங்க. மாமா சொல்றாருன்னு அப்படியே போட்டேன்."

ஞாபகம் இருந்தது. நான் சொன்னது பிழையாகிவிட்டது. பாலம் கட்டுகிறவன் செத்தே போயிருந்தான். பையை ஆறு கொண்டுபோயிருந்தது.

"அதுக்கு எழுதினாங்க. நான் அழிச்சிட்டேன். உங்களுக்குக் காட்டல."

"என்னன்னு எழுதினாங்க?"

"வேணாம் மாமா."

"சொல்லு."

"அந்தத் தாத்தாவ வெத்தலயப் போட்டுட்டுத் தூங்கச் சொல்லுங்கன்னு."

"நான் வெத்தல போடுறதில்லையே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இன்னும் மோசமாகவும் எழுதினார்களாம், தோட்டத்தான் அது இது என்று. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த முறை என்னை உள்ளே இழுக்காமல் தானே எழுதினாளாம். பிழைத்தால் ஏச்சு தனக்கு விழட்டும் என்று. நம்புகிறேன். அந்த வாரம் அவள் சாப்பிடாமல் இருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் சரி வந்துவிட்டதே, இப்போது போடலாம்தானே என்றேன். இப்போது போட்டால், பாராட்டு வந்த பிறகு வீட்டு ஆளுக்குப் பங்கு வைக்கிறாள் என்பார்கள் என்றாள். அதுவும் ஒரு நியாயம்தான். அந்த நியாயம் எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் அதோடு விட்டிருப்போம். ஆனால் செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. தமிழில் அச்சடித்து வருகிற ஒரு சஞ்சிகைக்காரர்கள், அந்தக் கேட்டைப் பற்றிக் கட்டுரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை விரிவாக எழுத வேண்டுமாம். அவள் இரண்டு நாளாக எழுதி, நேற்று எனக்கு வாசித்துக் காட்டினாள். நன்றாக எழுதியிருக்கிறாள். எனக்குக் கூடத் தெரியாத கோட்டைகளைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறாள். நடுவில் ஒரு வரி வந்தது: அனுபவமுள்ள இரும்பு வேலைக்காரர் ஒருவருடன் கதைத்தபோது இந்த எண்ணம் எனக்கு வலுப்பெற்றது.

திரும்ப வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். யார் அந்த ஒருவர் என்றேன். நீங்கள்தான் மாமா என்றாள். ரோட்டில் நிற்கிற எவனோ மாதிரி இருக்கிறதே என்றேன். எண்ணம் வலுப்பெற்றதாமே, எண்ணம் முதலில் யாருக்கு வந்தது என்றேன்.

"அச்சுல வந்தா அழிக்க ஏலாது மாமா. யாராவது ஏதாவது சொன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் கோபத்தில் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் வஞ்சகத்தில் செய்யவில்லை என்று எனக்கும் தெரியும்.

இரவு படுத்து யோசித்தேன். ஏசினவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. தோட்டத்தான் என்று என்னை நேரிலேயே சொல்லியிருக்கிறார்கள், சொன்னவர்கள் வீட்டுக்கும் கேட் செய்து கொடுத்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றுவதற்காக என்னை அழிக்க வேண்டுமா என்று யோசித்தேன். நான் செய்த கேட்களில் என் பெயர் இல்லை, அது அந்தத் தொழிலின் வழக்கம், யாரும் போடுவதில்லை. பரவாயில்லை, கேட் அங்கேயே நிற்கிறது, தொட்டுக் காட்டலாம். சொன்ன சொல்லை எங்கே போய்த் தொட்டுக் காட்டுவது?

எனவே மருமகளுக்கு இங்கே எழுதியே சொல்கிறேன். என் பெயர் வேண்டாம், பெயரைப் போட்டு எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. என் மாமனார் சொன்னார் என்று போடு. அனுபவமுள்ள ஒருவர் வேண்டாம். கலஹாத் தோட்டத்தில் பிறந்து ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் என்பதையும் போடு, டொக்டர் மதிலேறிக் குதித்ததையும் போடு. கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் வேண்டாம், கிழவன் கட்டையைத் தூக்குகிற இடத்திலேயே போடு, ஏனென்றால் நான் சொன்னது அங்கேதான். மதிலில் நின்ற காவல்காரர்கள் நீ கண்டது, அதை உன் பெயரிலேயே வை. பாலம் கட்டுகிறவன் விசயத்தில் நான் பிழைவிட்டதையும் மறைக்காமல் எழுது, அதுவும் நான் சொன்னதுதான். ஆகவே அதுவும் எனக்கு வேண்டும். யாராவது ஏசினால் இந்த முறை அழிக்காதே, எனக்கு வாசித்துக் காட்டு.

கட்டுரை சனிக்கிழமை அனுப்ப வேண்டும் என்றாய். இன்று வியாழன். அந்த வரியை மாற்று.